எஃப் தட்டினால் ஒன்று, ஜே தட்டினால் ஒன்று

எனக்குப் பார்வை கிடையாது. நான்கு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அது போய்விட்டது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் எழுதப்போவது ஒரு கணினியைப் பற்றி, அதுவும் அதன் திரையில் மட்டும் தோன்றி மறைந்த ஒரு பட்டியலால் வந்த வம்பைப் பற்றி.

ஆம்பூரிலிருந்து நான் பெங்களூருக்கு வந்தது ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்காக. பிரேசர் டவுனில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார ஆண்ட்டி, கணவரை இழந்தவர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், கன்னடம் கலந்த தமிழ் பேசுபவர். என்னோடு தங்கியிருந்த இன்னொரு ஆபரேட்டர் கல்யாணமாகிப் போனதும், ஆண்ட்டி ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதிய அட்டை ஒன்றை கேட்டில் மாட்டினார். அதைப் பார்த்து வந்தவள்தான் கோபிச்செட்டிபாளையத்துப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. காலை ஆறரைக்கெல்லாம் கம்பெனி வண்டி தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வந்த அன்றே ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ இருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி அழைப்புகளை ஓர் இயந்திரமே எடுத்து, எந்தப் பிரிவுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று சொல்லிவிடும். ஆபரேட்டர்களில் கணினித் தட்டச்சுத் தேர்வில் தேறுகிறவர்களுக்கு எழுத்தர் பணி. தேறாதவர்களை என்ன செய்வார்கள் என்று அதில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் வாசித்துக் காட்டினார். நான் அதை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னேன்.

பார்வையற்றோருக்கான மாலை வகுப்பு ஒன்றில் கணினி பழகினேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அம்புக்குறி கீயைத் தட்டினால், எழுத்தைத் தட்டினால், அது ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வரும். ஆனால் வகுப்பில் வாரம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். வீட்டில் ஒரு கணினி இருந்தால்தான் கை ஓடும். அவளுக்கும் கணினி வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்தே வாங்குவது என்று முடிவாகி, ஒரு சனிக்கிழமை, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் எல்லாக் கேள்விகளையும் அவளிடமே கேட்டார். அவளோ ஒவ்வொன்றுக்கும், “அக்காவைக் கேளுங்க” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஸ்பீக்கர் மட்டும் நல்லதாக வேண்டும் என்று கறாராகச் சொன்னேன்.

கணினி வந்தது. விண்டோஸ் போட்டு, அதில் பேசும் மென்பொருளையும் அவளே ஏற்றிக் கொடுத்தாள். அது விலை கொடுத்து வாங்காத மாதிரிப் பதிப்பு. வாங்கும் விலை எங்கள் இருவர் சம்பளத்துக்கும் எட்டாதது. மாதிரிப் பதிப்பு நாற்பது நிமிடம் பேசும், பிறகு ஊமையாகிவிடும். கணினியை அணைத்து மறுபடி போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம். பாதிக் கடிதத்தில் குரல் நின்றுபோகும். அடித்ததைக் குத்துமதிப்பாகச் சேமித்துவிட்டு, அணைத்து, போட்டு, காத்திருந்து, விட்ட இடத்தைத் தேடுவேன். எரிச்சல்தான். ஆனால் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

இந்தச் சமயத்தில் அவளுடைய கம்பெனியில் புது வேலை ஒன்று வந்தது. அதற்கு லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸைப் போலவே கணினியை ஓட்டும் இன்னோர் இயங்குதளம் அது. இலவசம். ஒரு கணினிப் பத்திரிகையோடு கொடுத்த சி.டி.க்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஒரே டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் லினக்ஸ். உங்க பக்கம் உங்களுக்கு, என் பக்கம் எனக்குங்க்கா.”

“என் பக்கத்துக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஒண்ணும் ஆகாதுங்க்கா. நான் பாத்துக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் கழிந்தது. சாயங்காலம், “முடிஞ்சுதுங்க்கா, ரெண்டும் நல்லா வருது” என்றாள். திங்கள் காலையில் வண்டி ஏறிப் போய்விட்டாள்.

வழக்கம்போல் நான் சுவிட்சைத் தட்டினேன். உள்ளே விசிறி சுழன்றது, டிஸ்க் கரகரத்தது. விண்டோஸ் வந்துவிட்டதற்கு அடையாளமாக ஒலிக்கும் சின்ன இசைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஸ்பீக்கர் குமிழைத் திருகினேன். வயர்களைத் தடவி அழுத்திப் பார்த்தேன். என்டரைத் தட்டினேன், கைக்கு வந்த கீயையெல்லாம் தட்டினேன். அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே கரகரப்பு, அதே மௌனம். வேறு வழியில்லாமல் ஆண்ட்டியை மாடிக்குக் கூப்பிட்டேன்.

“ஆண்ட்டி, இதுல என்ன தெரியுது?”

“ஸ்வல்ப இரு மா, கண்ணாடி போட்டுக்கறேன்.” பக்கத்தில் வந்து குனிந்தார். “நீலமா இருக்கு. யாரு பேரோ கேக்குது. கீழ பாஸ்வேர்டுன்னு இருக்கு. மூலையில ஒரு பறவை உக்காந்திருக்கு மா. குண்டா, கோட்டு போட்ட மாதிரி.”

“பறவையா?”

“ஹூம், பறவைதான். இது உன் கம்ப்யூட்டர் தானே? சும்னே கைய வைக்காத, அந்தப் பொண்ணு வரட்டும்.”

அது லினக்ஸின் சின்னமான பென்குவின் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அலுவலகத்தில் வந்த அழைப்புகளில் பாதியைத் தவறான பிரிவுக்கு மாற்றிவிட்டேன். தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. மாலை ஏழரைக்கு அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே ஆரம்பித்தேன்.

“என்னடி பண்ணி வச்சிருக்க? காலையில இருந்து அது பேசவே இல்ல.”

“பேசலீங்களா? எந்தப் பக்கம் வேணும்னு கேட்டு மெனு வந்திருக்குமேங்க்கா. பத்து செகண்டு நிக்கும். அதுல கீழ ஒரு தடவை தட்டி, விண்டோஸ் மேல வந்ததும் என்டர் போட்டீங்கன்னா...”

அவள் தோள்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“மெனு எங்க வரும்?” என்று கேட்டேன்.

“ஸ்கிரீன்லீங்க்கா,” என்றாள், மிக மெல்ல. பிறகு, “மறந்துட்டேனுங்க்கா. உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்கறதே எனக்கு மறந்துபோச்சு” என்றாள்.

நான் சமாதானமாகவில்லை. அவள் சாப்பாடு போட்டுவைத்த தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனேன். மறுநாள் காலையில் அவள் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து, எதையும் தட்டாமல் விட்டால் விண்டோஸே தானாக வரும்படி மாற்றிவைத்துவிட்டுப் போனாள். சுவிட்சைப் போட்டேன். சின்ன இசை வந்தது, குரல் வந்தது. பிரச்சினை அவ்வளவுதான், இரண்டு நிமிட வேலை.

பஸ்ஸில் போகும்போதுதான் அவள் சொன்னது மனதில் ஓடியது. அலுவலகத்தில் யாரும் எனக்குப் பார்வை இல்லை என்பதை மறந்ததே இல்லை. காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் சத்தமாகப் பேசுவார்கள். நான் தினமும் ஏறும் படியைப் பற்றி தினமும் எச்சரிப்பார்கள். நல்ல மனதோடுதான் செய்வார்கள். ஆனால் எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்த ஒருத்திக்கு அது சுத்தமாக மறந்துபோயிருக்கிறது. முந்தின நாள் அதற்காகத்தான் அவளைத் திட்டினேன். கன்டோன்மென்ட் பக்கம் பஸ் திரும்பியபோது எனக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் என்னவென்று நினைத்தாரோ.

அதன்பிறகு மாலைகளில் அவள் லினக்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நானும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். கீ தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

“உன் பக்கத்துல அப்படி என்னதான் இருக்கு?”

“ஒண்ணும் பெருசா இல்லீங்க்கா. படமெல்லாம் இருக்கு, ஆனா எங்க வேலைக்கு அது வேண்டாம். கறுப்புத் திரையில வரி வரியா எழுத்து. நாம ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு பதில் சொல்லும்.”

“வெறும் எழுத்துன்னா அதைப் படிச்சுக் காட்டறது சுலபம் தானே?”

கீ தட்டும் சத்தம் நின்றது. “அட, ஆமாங்க்கா,” என்றாள்.

மறுநாள் இணையத்தில் தேடியிருக்கிறாள். லினக்ஸைப் பேசவைக்கும் மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. பார்வையற்ற சிலரே சேர்ந்து எழுதியது, இலவசம், நாற்பது நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் குழுவும் இருந்தது. அதில் எங்கள் கதையை எழுதிக் கேட்டாள். எங்கோ ஒரு குளிர்நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் பதில் அனுப்பினார். அவரும் பார்வை இல்லாதவர். எதை எங்கே இறக்குவது, எந்த வரிசையில் அடிப்பது என்று ஒரு முழு நீளக் கடிதம். கடைசி வரியில், ‘எல்லாம் செய்தும் சத்தம் வரவில்லை என்றால், ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்’ என்று எழுதியிருந்தார். அவள் வாசித்துக் காட்டியபோது இருவரும் சிரித்தோம். அதுகூடவா பார்க்கமாட்டோம் என்று.

இரண்டு சனி, ஞாயிறு போயிற்று. சத்தம் வரவில்லை. சவுண்டு கார்டைக் கழற்றி மாட்டினாள், எதையெதையோ அழித்து எழுதினாள். ஒருமுறை என் பக்கம் விண்டோஸும் வராமல் போய், அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வளையல் சத்தத்தில் தெரிந்தது. அதைச் சரிசெய்து எழுந்ததும் நான் சொன்னேன், “போதும்மா. எனக்கு நாற்பது நிமிஷம் போதும். நீ உன் படிப்பைப் பாரு.”

“இதுவும் என் படிப்புத்தானுங்க்கா. ஆபீஸ்ல இவ்வளவு கத்துக்கவே இல்லை.”

மூன்றாவது ஞாயிறு மதியம் அவள் திடீரென்று, “அடக் கடவுளே” என்றாள். ஒலியளவு பூஜ்யத்தில்தான் இருந்தது. விண்டோஸில் ஏற்றிவைத்த அளவு லினக்ஸுக்குத் தெரியாதாம். அதற்குத் தனியாக ஏற்ற வேண்டுமாம். ஏற்றினாள். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து மூக்கால் பேசுவதுபோல் ஓர் ஆண்குரல் அந்த அறையில் எழுந்தது. அவள் முதலில் அடித்த சொல் ‘அக்கா’. அது ‘ஆக்கே’ என்றது. மறுபடி அடித்தாள், மறுபடி ‘ஆக்கே’. நாங்கள் இருவரும் கத்திக் கூச்சல் போட்டோம்.

படியில் தடதடவென்று ஆண்ட்டி ஏறிவரும் சத்தம்.

“யாரு மா மேல? ஆம்பள சத்தம் கேக்குது!”

“யாரும் இல்ல ஆண்ட்டி.”

“யாரும் இல்லன்னா? என் காதுக்குக் கேட்டுச்சே. அட்டையில என்ன எழுதியிருக்கேன் நானு?” ஆண்ட்டி கதவுக்குப் பின்னால் பார்த்தார், குளியலறையைத் திறந்து பார்த்தார். அதற்குள் அவள் எதையோ அடித்து என்டரைத் தட்டினாள். தகர டப்பாக் குரல் நிதானமாக, “குட் ஆஃப்டர்நூன் ஆன்டி” என்றது.

ஆண்ட்டி, “இயேசப்பா!” என்று கட்டிலில் உட்கார்ந்தார். விஷயம் புரிந்ததும் கீழே போய் ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொண்டுவந்தார். “இது ஆம்பளைன்னாலும் பரவால்ல, சாப்பாடு கேக்காது, இருக்கட்டும்” என்றார்.

இப்போது எனக்கு இரண்டு பக்கமும் வேண்டியிருந்தது. தேர்வு விண்டோஸில், நீண்ட நேரப் பயிற்சிக்கு லினக்ஸ். அந்தத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் மறுபடி முன்னால் வந்து நின்றது. சுவிட்சைப் போட்டதும் மனதுக்குள் எண்ணி, பதினெட்டாவது எண்ணில் லினக்ஸுக்காக மேலே ஒரு தட்டு தட்டி என்டர் போட்டுப் பார்த்தேன். சில நாள் பலித்தது. கரண்டு போய்வந்த பிறகு போட்டால் கணக்குத் தப்பியது. அவள் மறுபடி குளிர்நாட்டுக்காரருக்கு எழுதினாள். பதில் நாலே வரி. பட்டியலுக்கு மேலே தோன்றும் வாசகத்தில் மணிக்கான குறி ஒன்றைச் சேர்த்தால் போதும். அந்த வாசகம் திரையில் வரும்போது, ஸ்பீக்கர் இல்லாமலே கணினிப் பெட்டிக்குள்ளிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் எந்தப் பக்கம் வேண்டுமோ அதன் பெயரைத் தட்டலாம்.

“என்ன பேரு வைக்கட்டும்க்கா? ஒரே எழுத்தா இருந்தா சுலபம். விண்டோஸுக்கு டபிள்யூ, லினக்ஸுக்கு எல்?”

நான் யோசித்தேன். கீபோர்டில் எஃப், ஜே இரண்டு கீயின் மேலும் சின்ன மேடு ஒன்று இருக்கும். பார்வை உள்ளவர்கள் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். எங்கள் விரல் தேடாமலே போய் உட்காரும் இடம் அவை இரண்டும்தான்.

“விண்டோஸுக்கு எஃப். உன்னோடதுக்கு ஜே,” என்றேன்.

“என்னோடதா? இப்ப அது உங்களுதுந்தானுங்க்கா.”

எழுதி முடித்ததும் அவள் மானிட்டரை அணைத்துவிட்டு, தானே பத்துத் தடவை போட்டுப் போட்டுப் பார்த்தாள். ‘பீப்’ என்றதும் எஃப், என்டர். ‘பீப்’, ஜே, என்டர். பத்துக்குப் பத்தும் சரியாக வந்த பிறகுதான் என்னை உட்காரவைத்தாள்.

தேர்வுக்கு மீதியிருந்த நாட்களில் நான் வெறிபிடித்தவள்போல் அடித்தேன். தகர டப்பாக் குரல் ஒரு வரியைச் சொல்லும், நான் அடித்ததும் எத்தனை தப்பு என்று சொல்லும். அந்தச் சின்ன நிரலை அவளே எழுதிக் கொடுத்தாள். குரல் நிற்கவே நிற்காது. நான்தான் விரல் வலித்து நிறுத்த வேண்டும். அதுவரை அப்படி ஒரு சுகம் எனக்கு வாய்த்ததில்லை. கணினிமுன் உட்கார்ந்தாலே மனதின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடும், அது நின்றுபோனது.

தேர்வு அலுவலகத்திலேயே நடந்தது. டேப்பில் வாசிக்கும் கடிதத்தைக் கேட்டு அரை மணியில் அடித்து, திருத்திக் கொடுக்க வேண்டும். எனக்காக வைத்திருந்த கணினியிலும் அதே நாற்பது நிமிட மாதிரிப் பதிப்புத்தான். கைவைத்ததுமே அது பேசியது. எத்தனை நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன். பொறுப்பிலிருந்த அதிகாரி, “காலையிலேயே ஆன் பண்ணி ரெடியா வெச்சிருக்கோம் மேடம். பத்து மணிக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆச்சு” என்றார். பத்தரைக்குத் தேர்வு. நான், “இன்னொரு தடவை அணைச்சுப் போடணும் சார்” என்றேன்.

“நல்லாத்தானே ஓடுது?”

“பத்து நிமிஷத்துல நின்னுடும் சார். அப்புறம் என்னால திருத்த முடியாது.”

அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். போன வருடமாக இருந்தால் சரி என்று உட்கார்ந்திருப்பேன். அன்று எழுந்து நின்றுகொண்டேன், போட்ட பிறகுதான் உட்காருவேன் என்று. போட்டார்கள். நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது அடித்து முடித்து, ஒருமுறை முழுதாகக் கேட்டுத் திருத்திக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. எனக்குப் பதிவேடுகள் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கே நாள் முழுவதும் கடிதம் அடிப்பதுதான் வேலை, நான் பல ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தேன். அவளுக்கும் அந்தப் புது வேலை கிடைத்தது. நேர்காணலில், நீயாக என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டார்களாம். வீட்டுக் கணினியைப் பேசவைத்த கதையை இருபது நிமிடம் சொல்லியிருக்கிறாள், ஆண்ட்டி குளியலறையைத் திறந்து பார்த்தது உட்பட.

குளிர்நாட்டுக்காரருக்கு நன்றிக் கடிதம் நானே அடித்தேன், லினக்ஸ் பக்கத்திலிருந்து. தேறிவிட்டேன் என்றும், ஒலியளவு விஷயத்தில் நீங்கள் சொன்னதைக் கேட்காமல் இரண்டு வாரம் வீணாக்கினோம் என்றும் எழுதினேன். அவர் மறுநாளே பதில் அனுப்பினார். தன்னுடைய முதல் கணினியில் அவருக்கு அதற்கே ஒரு மாதம் ஆனதாம்.

கோபிச்செட்டிபாளையத்துப் பெண்ணுக்கு மட்டும் நான் முறையாக நன்றி சொன்னதில்லை. கூட இருப்பவர்களுக்குச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. முடிவு வந்த வாரத்தில், சமையலறையில் அவள் சாம்பார் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை முயன்றேன். வாசற்படியில் நின்றுகொண்டு, “நீ இல்லேன்னா நான் இந்நேரம்...” என்று ஆரம்பித்தேன்.

“அட போங்க்கா,” என்றாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை என் உள்ளங்கையில் விட்டாள். “உப்புச் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

நக்கிப் பார்த்தேன். கொஞ்சம் கூடத்தான் இருந்தது. “சரியா இருக்குடி,” என்றேன்.